நான் பார்த்தெடுத்த முட்டை

முட்டை வாங்கும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கடைக்குள் நுழைந்து, தட்டோடு தூக்கி, ஸ்கூட்டியின் முன்னுக்கு வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதில் எது நேற்று இட்டது, எது ஊரெல்லாம் சுற்றி லொறியில் வந்தது என்று யாருக்குத் தெரியும். நான் அப்படி இல்லை. ஒரு முட்டையைக் கையில் எடுத்தால் முதலில் பாரம் பார்ப்பேன். பிறகு காதோடு வைத்து மெல்ல ஆட்டுவேன். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் அதை அப்படியே வைத்துவிடுவேன். பிறகு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். கடைசியாக மூக்கு. என் மூக்கை ஏமாற்றும் முட்டையை எந்தக் கோழியும் இன்னும் இடவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதி வைத்திருக்கும் முடிவில் பிழை இருக்கிறது. மரண விசாரணைக்கு வந்த ஒருவர், செத்தவீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, "அம்மா, இதில ஒருதரையும் குற்றஞ்சொல்ல ஏலாது, மனசைப் போட்டு உழப்பாதேயுங்கோ" என்று சொல்வது பெரிய மனது. உங்கள் மனதுக்கு நன்றி. ஆனாலும் பிழை பிழைதான். கையெழுத்து வைப்பதற்கு முன்னர் நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திருத்துங்கள்.

செத்துப்போனவர் என்னுடைய மனிசன் தம்பு. நானாட்டானில் எங்களுக்குக் குளத்துக்குக் கீழே வயல் இருக்கிறது. வயலை அவர் பார்த்தார், வீட்டை நான் பார்த்தேன். மகன் அகிலன் கட்டாரில். மருமகள் தனுசியா எங்களோடுதான் இருக்கிறாள். அரசாங்கக் கந்தோரில் வேலை, கெட்டிக்காரி, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள். அவர்களுடைய பிள்ளை யதுசிகா. வீட்டில் இவ்வளவு பேர்தான். இவ்வளவு பேருக்கும் முட்டை எடுப்பது நான்.

ஒரு வீட்டுக்கு முட்டை எடுப்பதென்றால் ஆளுக்கேற்ற முட்டை எடுக்க வேண்டும். வளர்கிற பிள்ளைக்குப் பெரியது. சீனி வருத்தக்காரருக்குச் சின்னது, அதுவும் அவித்தது. வருகிற போகிற ஆட்களுக்குக் கடை முட்டை போதும், அவர்கள் ருசி பார்க்கவா வருகிறார்கள். தனுசியாவுக்கும் கடை முட்டைதான், அது அவளே விரும்பிக் கேட்டது. சந்தியில் ஜெஸீம் என்றொரு பொடியன் கடை வைத்திருக்கிறான், முசலிப் பக்கத்துப் பிள்ளை. அவனிடம் சிவப்பு முட்டை தட்டுத் தட்டாக வரும். திகதி அடித்திருக்கும். அதை வாங்கி வந்து பிறிட்ஜில் அடுக்கி, கதவைச் சாத்திவிட்டு, பாங்கில் காசு போட்டவள் மாதிரி நிம்மதியாகப் போவாள்.

நான் வீட்டுக்கோழி இடும் ஊர்முட்டை எடுக்கிறவள். அதற்காகப் பஸ் ஏறி, அரிப்புப் பாலம் கடந்து, முசலிக்குப் போவேன். அங்கே ஹவ்வா உம்மா என்று ஒரு மனிசி கோழி வளர்க்கிறார். வளவு முழுக்கக் கோழி. நான் போனால் கூடைக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எடுப்பேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரிப்பார்.

"எல்லாம் ஒரே கோழிட முட்டதானே தங்கச்சி. மாப்பிள்ள பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்க."

"மாப்பிள்ளையைப் பிழையாய்ப் பாத்தாலும் சமாளிக்கலாம்" என்பேன் நான்.

ஒருநாள் அவருடைய குசினியை எட்டிப் பார்த்தபோது அடுப்படியில் ஒரு தட்டுச் சிவப்பு முட்டை இருந்தது. ஜெஸீம் அவருக்குத் தங்கச்சி மகன். அவன் பெரியம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறானாம். தன் கோழியின் முட்டையை எனக்கு விற்றுவிட்டு அவர் தின்பது லொறி முட்டை. அதைப் பார்த்த பிறகு எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கமும் வந்தது.

ஊரில் என் கைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, ஐயா. சும்மா சொல்லவில்லை, வெளியில் யாரையும் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது வழக்கம். நீங்களும் தமிழ் வீட்டில் பிறந்தவர், உங்கள் அக்கா தங்கச்சிமாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்திருப்பார்கள். அந்த முட்டையைப் பார்த்தெடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். "சுபத்திராக்கா பாத்த முட்டையெண்டால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம்" என்பார்கள். இந்த ஊரில் இடுப்பு உரமாக நடந்து போகும் பெண்கள் பாதிப் பேர் என் முட்டை குடித்தவர்கள். எனக்குப் படிப்பு இல்லை, பட்டம் இல்லை. கோயில் சபையில் என் பெயர் இல்லை. இது ஒன்றுதான் எனக்கு இருந்தது.

அப்படியிருக்க, என்னுடைய பேத்தியே பெரியபிள்ளையானாள். அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல. நான் உடனே பஸ் ஏறினேன். ஹவ்வா உம்மாவின் கூடையில் இருந்ததில் ஆகத் திறமானதை எடுத்து வந்தேன். ஊர்முட்டையில் எச்சம் ஒட்டியிருக்கும், அதை அப்படியே சாமித்தட்டில் வைக்க முடியுமா. மஞ்சள் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு பித்தளைத் தட்டில் அடுக்கி, அம்மன் படத்துக்கு முன்னால் விளக்குச் சூடு படும்படி வைத்தேன். இது வேறு யாரும் செய்கிற வேலை இல்லை, என் முறை. மற்றவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

தனுசியா இதைப் பார்த்துவிட்டு வந்து கதவடியில் நின்றாள்.

"மாமி, பச்சை முட்டை குடுக்கிறதே எனக்கு விருப்பமில்லை. எங்கட அம்மாவும் நீங்களும் ஒரே பிடியாய் நிக்கிறதால விடுறன். ஆனால் குடுக்கிறதெண்டால் பிறிட்ஜுக்க இருக்கிறதைக் குடுங்கோ. திகதி இருக்கு. இந்த வெக்கைக்க வச்சதைக் குடுக்க வேண்டாம்."

"ஓம் பிள்ளை" என்றேன்.

நான் சண்டை பிடிக்கிறவள் இல்லை. குசினியில் யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் முட்டை உடைக்கிறார்கள், அவ்வளவுதான். காலையில் அவள் பிள்ளையைக் குளிக்க வார்க்கும் நேரத்தில் நான் என் முட்டையை உடைத்துக் கோப்பைக்குள் விட்டேன். முட்டையின் கோதை அடுப்புக்குள் போட்டேன். பிறிட்ஜிலிருந்து அதே அளவு சிவப்பு முட்டையை எடுத்துப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன், கணக்குச் சரியாக இருக்க வேண்டுமே. நாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நாய்க்கு எதுவும் நடப்பதில்லைத்தானே.

யதுசிகா மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். "அப்பம்மா, உவ்வே" என்றாள். பிறகு சிரித்தாள். சடங்குக்கு நாள் பார்த்து, மண்டபம் பேசி, அகிலன் வீடியோவில் சேலை நிறம் தெரிவுசெய்துகொண்டிருந்த நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கியது. பிறகு குடித்த தண்ணீரும் தங்காத சத்தி. பிறகு நிற்காத வயிற்றோட்டம். தனுசியா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை, தூக்கிக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டொக்டர் என்ன சாப்பிட்டது என்று கேட்டிருக்கிறார். இவள், பச்சை முட்டை, ஜெஸீமின் கடையில் வாங்கியது என்று சொல்லியிருக்கிறாள்.

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. அந்த விசயத்தில் நான் வாயே திறக்கவில்லை. மருமகள் சொன்னதைப் பலபேருக்கு முன்னால் மறுத்துப் பேசுவது நல்ல மாமியாருக்கு அழகில்லை.

சுகாதாரப் பரிசோதகர், அந்த பி.எச்.ஐ., வந்து ஜெஸீமின் கடையைப் பூட்டிச் சீல் வைத்தார். முட்டையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஊர் கதைக்கத் தொடங்கியது. கதைப்பவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை. சிலர் அந்தப் பொடியனின் ஊரையும் சமயத்தையும் இழுத்துக் கதைத்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. முட்டையில் என்ன சமயம். என்னுடைய முட்டையும் அவர்கள் வீட்டுக் கோழி இட்டதுதான். ஆனால் அதை அந்த நேரத்தில் வெளியில் சொல்வது பொருத்தமாக இருக்கவில்லை.

அடுத்தநாள் ஜெஸீம் எங்கள் படலையடிக்கு வந்தான். கையில் ஒரு தட்டு முட்டை. முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, புள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"கடவுள்தான் பாக்கவேணும்."

"நானும் துவா கேட்டுக்கொண்டுதான் இருக்கன். அம்மா, ரிப்போட் வர நாளெடுக்குமாம். அதுக்குள்ள சனம் கடைக்குக் கல்லெறியுது. இது அதே லொறியில வந்த முட்ட, வீட்டில இருந்தது. நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஊர் கேக்கும்."

முட்டை பார்க்கச் சொல்லி ஒருவன் வாசலுக்கு வந்தால் நான் மறுப்பதில்லை. பேசினில் தண்ணீர் நிரப்பினேன். ஒவ்வொன்றாக விட்டேன். எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒன்றாவது தலையைத் தூக்கவில்லை. காதில் வைத்தேன், சத்தமில்லை. மோந்தேன், சுத்தம். உண்மையைச் சொன்னால் அவ்வளவு நல்ல கடை முட்டையை நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. வேலியால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெஸீம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டேன்.

"தம்பி, நான் ஒண்டும் சொல்ல விரும்பேல்ல" என்றேன்.

இதில் ஒரு சொல்லாவது பொய்யா. சொல்ல விருப்பமில்லை, சொல்லவில்லை. ஆனால் பொழுதுபடுவதற்குள், சுபத்திராக்காவே முட்டையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாவாம் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பொடியள் கடைப் பூட்டை உடைத்து, மிஞ்சியிருந்த தட்டுகளைச் சந்தியில் போட்டு மிதித்தார்கள். தார் றோட்டில் அந்த வெயிலுக்குச் சிலது பொரிந்தே போனதாம். நல்ல முட்டையை அப்படி வீணாக்கியதைக் கேட்க எனக்கு வயிறெரிந்தது.

இனி என் மனிசனிடம் வருகிறேன். வாழைக்குப் போட அடுப்புச் சாம்பலை அள்ளப் போனவர், உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். பாதி கருகிய கோதுத் துண்டுகள். கடை முட்டைக் கோது சிவப்பு. இது வெள்ளை.

"இஞ்சேரும், பிள்ளைக்குக் குடுத்தது உம்மட முட்டை என்ன?" என்றார்.

கலியாணம் முடித்த நாள் முதல் அவர் என்னை ஒரு கேள்வி கேட்டவர் இல்லை. கறியில் உப்புக் கூடினால் சோற்றைக் கூடப் போட்டுக்கொள்கிற மனிதர். அப்படிப்பட்டவர் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது.

"ஓம், அதுக்கென்ன? நல்ல முட்டை" என்றேன்.

"அப்ப அந்தப் பொடியனை ஏன் சாகக் குடுக்கிறீர்? வாரும், ஆஸ்பத்திரியிலயும் பொலிசிலயும் போய்ச் சொல்லுவம். டொக்டருக்கும் தெரியத்தானே வேணும்."

"சொல்லலாம். முட்டையில பிழை இருந்தால் சொல்லலாம். பிழை இல்லாததை எப்பிடிச் சொல்லுறது?"

அவர் சாமித்தட்டைப் பார்த்தார். பித்தளைத் தட்டில் மிச்ச முட்டைகள் மஞ்சள் பூசிய மாதிரி லட்சணமாக இருந்தன. பிறகு அவரே சொன்னார், ஐயா, நான் கேட்கவில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"சரி. அதில ஒண்டை உடைச்சு எனக்குத் தாரும். எனக்கு ஒண்டும் நடக்காட்டி நான் வாயைத் திறக்கமாட்டன். ஏதும் நடந்தால் நீர் போய் ஜெஸீமின்ர கடையைத் திறக்கப்பண்ண வேணும். சத்தியம் பண்ணும்."

சத்தியம் பண்ணினேன். அது நேர்மையான ஒப்பந்தம் என்றுதான் எனக்குப் பட்டது. பரிசோதனை செய்து பார்க்காமல் ஒரு முட்டையைக் குற்றஞ்சொல்வது நியாயமில்லை. பி.எச்.ஐ. கண்ணாடிக் குழாயில் செய்வதை நாங்கள் வீட்டில் செய்தோம். சீனி வருத்தம், வயதும் போய்விட்டது, பச்சை முட்டை அவருக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அதனால் சின்னதாகப் பார்த்து எடுத்தேன். கொஞ்சம் மிளகுதூளும் போட்டுக் கொடுத்தேன். ஒரே மிடறில் குடித்தார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. வயலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது. பிள்ளைக்குச் சுகமாக வேண்டும் என்று நேர்ந்ததைவிட அதிகமாக அன்றைக்கு இவருடைய வயிற்றுக்காக நேர்ந்தேன்.

மறுநாள் விடிய அவர் கட்டிலில் இருந்தபடி, "வயிறு ஒரு மாதிரிப் பிரட்டுது" என்றார். முதல்நாள் பின்னேரம் சந்தியில் ஒரு பேக்கரிப் பணிஸ் வாங்கித் தின்றவர். பணிஸில் என்னதான் போடுகிறார்களோ. ஒரு முட்டையை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது, நடுவில் பணிஸ் வந்து குழப்பிவிட்டது. அதனால் இன்னொன்று உடைத்துக் கொண்டுபோனேன். அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேணுமே?" என்றார்.

"இதோட தெரிஞ்சுபோகும்" என்றேன்.

குடித்தார். இந்த இடத்தை நீங்கள் இரண்டு தரம் எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. நான் கொடுத்தால் குடிக்கிறவர் அவர். அதை நான் எப்போதும் அறிவேன்.

பின்னேரம் காய்ச்சல் நெருப்பாகக் காய்ந்தது. யதுசிகாவுக்கு வந்த அதே சத்தி, அதே வயிற்றோட்டம். மாதுளங்கோது அவித்துக் கொடுத்தேன். தேயிலைச் சாயத்துக்குத் தேசிக்காய் பிழிந்து கொடுத்தேன். தனுசியா ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு நின்றாள். அகிலன் வட்ஸ்அப்பில் எடுத்தான், "அப்பா எங்க?" என்றான். வயலுக்குப் போய்விட்டார் என்றேன். பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரி ஓட்டோ வைத்திருக்கிறான், கூப்பிட்டால் ஓடி வருவான். கூப்பிடலாம் என்றுதான் எழும்பினேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வி என்ன சாப்பிட்டவர் என்பதாகத்தானே இருக்கும். ஒரே வீட்டில் பேத்திக்கும் அப்பப்பாவுக்கும் ஒரே வருத்தம் என்றால் டொக்டர்மார் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு அவசரம். எனக்கு அவசரமில்லை, கொஞ்சம் குறைந்த பிறகு போகலாம் என்று விட்டேன். குறையவில்லை.

அடுத்தநாள் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. நாக்கு வறண்டு போயிருந்தது. நான் கரண்டியால் தண்ணீர் பருக்கினேன். கண்ணைத் திறந்து கேட்டார்.

"சொல்லிப்போட்டீரே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஜெஸீமின் கடையைப் பற்றி.

"ஓம், சொல்லிப்போட்டன்" என்றேன்.

"நல்லது" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவர் என்னை ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த ஒரு சொல்தான் என்னைத் தின்கிறது, ஐயா, நித்திரை வருவதில்லை. அவர் என்னை நம்பிக்கொண்டு கண்ணை மூடினார்.

கிறிஸ்ரியின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் டொக்டர்ப் பிள்ளை நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனம்மா இவ்வளவு நேரம் வீட்டில வச்சிருந்தனீங்கள்? நேற்றுக் கொண்டுவந்திருந்தால் ஒரு சேலைனோட எழும்பியிருப்பார்" என்றாள். சின்னப் பிள்ளை, அழுதுவிட்டாள். என்ன சாப்பிட்டவர் என்று கேட்டாள். பணிஸ் என்றேன். அதே கட்டிடத்தில் மேல்மாடியில் யதுசிகா எழும்பியிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாளாம். கடவுள் ஒரு பக்கத்தால் கொடுத்து மற்றப் பக்கத்தால் எடுத்துவிட்டார் என்று செத்தவீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமோதித்தேன்.

ஹவ்வா உம்மாவும் முசலியிலிருந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் வீட்டுப் பிள்ளையின் கடை உடைந்து கிடக்கிறது, அவர் என் வீட்டுச் சாவுக்கு அழுகிறார். போகும்போது, "தங்கச்சி, அந்த முட்ட ஒண்டும் பழுதில்லத்தானே?" என்று மெல்லக் கேட்டார். திறமான முட்டை என்று சொல்லி அனுப்பினேன். அவர் மனம் நோகக் கூடாது பாருங்கள்.

பிறகுதான் அந்த பி.எச்.ஐ.ப் பொடியன் வந்தான். ஜெஸீமின் முட்டையில் ஒன்றுமில்லை என்று ரிப்போட் வந்துவிட்டதாம். குசினியைப் பார்க்க வேண்டும் என்றான். செத்தவீட்டுச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, நேரே சாமித்தட்டுக்குப் போய், என் முட்டையைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். இப்போது அதற்கும் ரிப்போட் வந்திருக்கிறது. கழுவித் தேய்த்ததால்தான் கோதுக்குள்ளால் கிருமி உள்ளே போனதாம். விளக்குச் சூட்டில் இருந்து பெருகினதாம். அந்தக் கிருமிக்கு மணம் இல்லையாம், தண்ணீரில் மிதக்காதாம், மூக்கால் பிடிக்க முடியாதாம். எச்சத்தோடு வைத்திருந்தால் பிழையில்லையாம். எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்களோ தெரியாது.

தனுசியா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முருங்கனுக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். சாமித்தட்டிலிருந்த பித்தளைத் தட்டை எடுத்துக் குப்பைக் கிடங்குக்குள் எறிந்துவிட்டுப் போனாள். ஜெஸீமின் கடையைத் திறந்துவிட்டார்கள், நல்லது. பொடியள் போய் மன்னிப்புக் கேட்டார்களாம், ஆளுக்கு ஒரு தட்டு வாங்கினார்களாம். இன்றைக்குக் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கதைத்தது எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகியிருக்கிறாள். "முட்டையை ஆரிட்டக் காட்டுறது?" என்று ஒருத்தி கேட்க, மற்றவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் உங்களைக் கொஞ்சம் இருக்கச் சொன்னேன்.

நீங்கள் வாசித்துக் காட்டிய முடிவை நான் கவனமாகக் கேட்டேன். "பழுதான முட்டையை அறியாமல் உட்கொள்ளக் கொடுத்ததால் நேர்ந்த தற்செயலான மரணம்." இதில் மரணம் என்பது மட்டும் சரி. அறியாமல் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது கோப்பையை நான் நீட்டியபோது அவருடைய வயிறு பிரட்டத் தொடங்கியிருந்தது என்று சொன்னேன். அவர் எழும்ப முடியாமல் கிடந்தபோது பக்கத்து வீட்டில் ஓட்டோ நின்றது என்று சொன்னேன். தற்செயல் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தற்செயலாக ஒன்றும் செய்வதில்லை, வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முட்டையையும் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

இவையெல்லாவற்றையும் விடுங்கள், அவை சின்னப் பிழைகள். பழுதான என்ற அந்த முதற்சொல்தான் எனக்கு ஒத்துவரவில்லை. நான் மோந்து பார்த்தேன், ஐயா. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அந்த முட்டையில் ஒரு குறையும் இல்லை. முட்டையில் குறையில்லை, மனிசன் செத்திருக்கிறார் என்றால், யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். வீட்டில் அவரும் நானும்தான் இருந்தோம்.

ஆகவே இப்படி எழுதுங்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தை நான் அந்த முட்டையில் கலந்து கொடுத்தேன். பிள்ளைக்கும் கொஞ்சம், அவருக்குக் கூடுதலாக. என்ன மருந்து என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு எது வசதியோ அந்தப் பெயரைப் போடுங்கள். பிரேத பரிசோதனையில் மருந்து ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டுகிறீர்கள். டொக்டர்மாருக்கும் பிழைக்கும், திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் செய்தேன் என்று கேட்டால், வீட்டில் ஆயிரம் இருக்கும் என்று எழுதுங்கள், எல்லோரும் நம்புவார்கள். எனக்கு மறியல்சாலைக்குப் போகப் பயமில்லை. அங்கேயும் சமையல் இருக்கும், முட்டை வரும்.

பேனையை இஞ்ச தாங்கோ ஐயா. கொலைகாரி எண்டு எழுதுங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன். முட்டை பாக்கத் தெரியாதவள் எண்டு மட்டும் எழுதிப்போடாதேயுங்கோ.